நகரத்தில் ஈயத்தைத் தேடும்போது எதைச் சேகரிப்பது? மண், தூசி, முட்டை, புறா, ரத்தம்: ஓர் ஒப்பீடு

ஒரு நகரத்தில் ஈய மாசு எங்கே இருக்கிறது, அது யார் உடம்புக்குள் போகிறது என்று கண்டறியக் கிளம்பும் உயிரியலாளர் எந்தக் கருவியில் அளப்பது என்று யோசிப்பதற்கு முன் எதை அளப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். மண்ணை எடுக்கலாம். வீட்டுத் தூசியைத் துடைத்து எடுக்கலாம். நாட்டுக்கோழி முட்டை வாங்கலாம், புறாவிடம் ரத்தம் எடுக்கலாம், இலை பறிக்கலாம், குழந்தையின் ரத்தத்தையே பார்க்கலாம். பல்கலைக்கழகத் திட்டமானாலும் தொண்டு நிறுவனமானாலும் கையில் இருக்கும் பணம் பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது மாதிரிகளுக்குத்தான் வரும். அதை எல்லா வகைக்கும் பங்கு போட்டால் எதைப் பற்றியும் உறுதியாகச் சொல்ல முடியாமல் போகும்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மாசு எங்கிருந்து வருகிறது என்று தெரியாத நகரத்தில் மண்ணுக்கும் வீட்டுத் தூசிக்கும்தான் முதலிடம். கோழி மேயும் தெருக்களில் முட்டையையும் சேர்த்துக்கொள்ளலாம். புறா நல்ல துணைச் சாட்சி, ஆனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. பேட்டரி உருக்கும் பட்டறை மாதிரி மூலம் கண்ணெதிரே இருந்தால் பறவையையும் இலையையும் தேடி நேரத்தைக் கழிக்காமல் நேராகக் குழந்தைகளின் ரத்தத்தைப் பார்க்க வேண்டும்.

ஈயம் பழைய பிரச்சினை என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஈயம் மட்கிப் போகாத உலோகம். சாலையோர மண்ணில் படிந்தது அங்கேயே கிடக்கிறது. பழைய வீட்டுச் சுவரிலும் சன்னல் கம்பியிலும் அடித்த பெயிண்ட் இன்றைக்கும் உரிந்து விழுகிறது. பழைய பேட்டரிகளைத் திறந்தவெளியில் உடைத்து உருக்கும் வேலையும் ஓயவில்லை. சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 பள்ளிக் குழந்தைகளைச் சோதித்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. அவர்கள் ரத்தத்தில் ஈயத்தின் சராசரி டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே மூலத்தைத் தேடி நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021-இல் அந்தக் கோட்டை 3.5 ஆக இறக்கியது.

ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு காலம்

ஒப்பிடும்போது எங்கள் முதல் கேள்வி, இந்த மாதிரி எத்தனை நாள் கதையைச் சொல்கிறது என்பது. ரத்தத்தில் ஈயத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய ஒரு மாதம். அதனால் அது அண்மைய சில மாதங்களைக் காட்டும், கூடவே எலும்பிலிருந்து கசிந்து வருவதையும் கொஞ்சம் காட்டும். முட்டையின் மஞ்சள் கரு கடைசி ஒன்றரை வாரத்தில்தான் வேகமாகத் திரளும், ஆகவே முட்டைக்கு வாரக்கணக்கு. இலை கடைசி மழையிலிருந்து படிந்ததைச் சொல்லும். மேல்மண் பல பத்தாண்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும். பால்பல் கருவிலிருந்து ஆரம்பப் பள்ளி வரை பதிந்து வைத்திருக்கும்.

இதைக் கவனிக்காமல் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் எண்கள் முரண்படும். மண்ணில் 600 பிபிஎம், குழந்தையின் ரத்தத்தில் 2 மைக்ரோகிராம் என்று வந்தால் இரண்டில் ஒன்று தப்பு என்று ஆகாது. அந்த மண்ணின் மேல் சிமெண்ட் தரை போட்டிருக்கலாம், குழந்தை அங்கே குடிவந்து மூன்று வாரம்தான் ஆகியிருக்கலாம்.

மண்

மலிவு, அனுமதிச் சிக்கல் இல்லை, ஒரு நாளில் இருபது வீடு முடிக்கலாம். அதனாலேயே அலட்சியமாக எடுக்கப்படுவதும் மண்தான்.

ஒரு வீட்டில் இரண்டு இடம் போதும்: சுவரோரத்தில் கூரைத் தண்ணீர் சொட்டும் கோடு, குழந்தை விளையாடும் இடம். இரண்டையும் ஒரே பையில் கொட்டக் கூடாது. சுவரோரத்தில் உரிந்த பெயிண்ட் விழுந்திருக்கும், அங்கே அளவு பல மடங்கு ஏறும். கலந்துவிட்டால் எங்கிருந்து வந்தது என்ற தடயமே அழிந்துவிடும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு சதுர மீட்டருக்குள் ஐந்து புள்ளிகளில், மேலாக 2 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மட்டும், புள்ளிக்கு 50 கிராம் வீதம் சுரண்டி ஒன்றாகச் சேர்த்தால் 250 கிராம் கிடைக்கும். இன்னும் ஆழமாகத் தோண்டினால் மாசுபட்ட மேல்மண்ணோடு அடிமண் கலந்து அளவு குறைந்து தெரியும். கீரைப் பாத்தி என்றால் மட்டும் வேர் போகும் ஆழமான 15 சென்டிமீட்டர் வரை எடுக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியோ பிளாஸ்டிக் கரண்டியோ போதும். பெயிண்ட் அடித்த தோட்டக் கரண்டி வேண்டாம்.

மண்ணை நிழலிலோ 40 டிகிரிக்கு மிகாத அடுப்பிலோ உலர்த்தி, கட்டிகளை லேசாக உடைத்து, 2 மில்லிமீட்டர் சல்லடையிலும் பிறகு 150 மைக்ரான் சல்லடையிலும் சலிக்க வேண்டும். குழந்தையின் விரலில் ஒட்டி வாய்க்குப் போவது இந்த நுண்துகள்தான், ஈயம் செறிந்திருப்பதும் பெரும்பாலும் இதில்தான். சலிக்காத மண்ணை அளந்து “அளவு குறைவு” என்று எழுதிய அறிக்கையை வைத்து ஒரு தெருவையே பாதுகாப்பானது என்று சொல்லிவிடும் ஆபத்து இருக்கிறது. சல்லடை பித்தளையில் செய்ததாக இருக்கக் கூடாது. பித்தளையிலேயே ஈயம் கலந்திருக்கும். நைலான் வலை அல்லது எஃகு வலை வாங்கிக்கொள்ளுங்கள்.

அளப்பதற்கு இரண்டு வழி. கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவி மாதிரியில் எக்ஸ்ரே பாய்ச்சி, திரும்பி வரும் கதிரில் ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய கோட்டைப் படிக்கும். அமிலம் இல்லாமல் ஒன்றிரண்டு நிமிடத்தில் எண்ணைத் தரும். ஆனால் மண்ணில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் குறைத்துக் காட்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு வெளியில் நின்று தரையில் வைத்து அழுத்தி எடுத்த அளவுகளை நம்ப வேண்டாம். உலர்த்திச் சலித்த மண்ணைக் குப்பியில் இட்டு மெல்லிய படலம் மூடி அளந்தால் நம்பலாம். இன்னொரு சிக்கல் ஆர்சனிக். ஆர்சனிக்கின் முதன்மைக் கோடும் ஈயத்தின் ஒரு கோடும் 10.5 கிலோ எலக்ட்ரான்வோல்ட் அருகே ஒன்றன்மேல் ஒன்று விழும். ஈயம் அதிகமுள்ள மண்ணில் இல்லாத ஆர்சனிக் இருப்பதாகத் தோன்றும். இருபது மாதிரிக்கு ஒன்றையாவது அமிலத்தில் கரைத்து ஆய்வகத்தில் சரிபார்க்க வேண்டும்.

இரண்டாவது வழி அந்த அமில முறைதான். 0.5 கிராம் மண், 10 மில்லி அடர் நைட்ரிக் அமிலம், மைக்ரோவேவ் டைஜெஸ்டரில் 175 டிகிரி. ஒவ்வொரு சுற்றிலும் மண் இல்லாத வெற்றுக் குப்பி ஒன்றும், ஈய அளவு சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டு மண் ஒன்றும் கட்டாயம் போக வேண்டும். ஒப்பீட்டு மண்ணில் சான்றிதழ் 1,400 பிபிஎம் என்று சொல்ல, உங்களுக்கு 1,050 வந்தால் அந்தச் சுற்று முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும்.

மொத்த ஈயம் முழுவதும் உடம்புக்குள் சேராது. சல்பைடு வடிவில் இருக்கும் தாது ஈயம் வயிற்றில் எளிதில் கரையாது. பெயிண்டிலும் பேட்டரிச் சாம்பலிலும் வரும் கார்பனேட், ஆக்சைடு வடிவங்கள் நன்றாகக் கரையும். 0.4 மோலார் கிளைசின் கரைசலை அமில நிலை (pH) 1.5-க்குக் கொண்டுவந்து, 100 மில்லிக்கு 1 கிராம் மண் போட்டு, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் உருட்டினால் வயிற்றில் கரையும் பங்கு தோராயமாகத் தெரியும். எல்லா மாதிரிக்கும் வேண்டாம். அளவு அதிகமாக வந்தவற்றில் பத்துக்குச் செய்தால் போதும்.

எந்த எண்ணுக்கு மேல் கவலைப்படுவது? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடியிருப்பு மண்ணுக்கு வைத்திருந்த 400 பிபிஎம்-ஐ 2024-இல் 200 ஆக இறக்கியது. கலிபோர்னியா மாநிலத்தின் முதல்நிலை வரம்பு 80. குழந்தைகள் புழங்கும் இடத்துக்கு 80-ஐயே வைத்துக்கொள்ளும்படி நாங்கள் சொல்வோம்.

வீட்டுத் தூசி

தவழும் குழந்தைக்கு மண்ணைவிட நெருக்கமானது தரைத் தூசி. 30 சென்டிமீட்டர் சதுரச் சட்டம் ஒன்றைத் தரையில் ஒட்டி, ஆல்கஹாலும் கற்றாழையும் சேராத ஈரத் துடைப்புத் தாளால் இடமிருந்து வலமாக வளைந்து வளைந்து ஒரு முறை, தாளை உள்பக்கமாக மடித்து மேலிருந்து கீழாக இன்னொரு முறை துடைக்க வேண்டும். பிறகு தாளை மடித்து நேராகக் குப்பிக்குள் போட வேண்டும். இருபது தாளுக்கு ஒன்றைத் துடைக்காமலேயே திறந்து மடித்து அனுப்புங்கள், தாளிலேயே ஈயம் இருக்கிறதா என்று தெரியும்.

நம் வீடுகளில் இதற்கு ஒரு தனிச் சிரமம் உண்டு. தினமும் பெருக்கித் துடைக்கும் தரையில் ஒரு நாள் தூசிதான் இருக்கும், சோதனை நாளன்று வீட்டுக்காரர்கள் கூடுதலாகத் துடைத்தும் வைத்திருப்பார்கள். அதனால் கடைசியாக எப்போது துடைத்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வதோடு, சன்னல் விளிம்பையும் தனியாகத் துடைக்க வேண்டும். மின்விசிறி இறக்கையின் மேல்பக்கத்தில் திரண்டிருக்கும் கறுப்புத் தூசி மாதக்கணக்கில் வீட்டுக்குள் மிதந்ததைச் சொல்லும். அது குழந்தை தொடும் தூசி கிடையாது. ஆனால் தரை சுத்தமாக இருந்து இறக்கையில் ஈயம் அதிகமாக இருந்தால் வீட்டுக்குள் ஈயம் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். தரைக்கு, சதுர அடிக்கு 10 மைக்ரோகிராம் என்று அமெரிக்கா 2019-இல் வரம்பு வைத்தது, 2024-இல் அதை இன்னும் இறக்கியது.

பட்டறையில் வேலை செய்பவர் இருக்கும் வீட்டில் அவர் செருப்பு விடும் இடத்தையும் உடை மாட்டும் மூலையையும் கட்டாயம் துடைத்துப் பாருங்கள். தெருவில் மற்ற வீடுகளில் ஒன்றுமில்லாதபோது ஒரே வீட்டில் மட்டும் எகிறினால் காரணம் பெரும்பாலும் அந்த மூலையில் இருக்கும்.

கோழி முட்டை

உயிரினங்களை வைத்துப் பார்ப்பதில் எங்களுக்கு மிகவும் பிடித்தது இது. கோழி நாள் முழுக்க மண்ணைக் கிளறுகிறது, மண்ணில் புரள்கிறது, தன் தெருவை விட்டுப் போவதில்லை, யாரிடமும் அனுமதிக் கடிதம் வாங்காமல் வாரத்துக்குச் சில மாதிரிகளைத் தானே தருகிறது. அந்த முட்டையைச் சாப்பிடுவது அதே வீட்டுக் குழந்தை என்பதால் சூழலையும் உணவையும் ஒரே எண்ணில் பார்க்கிறோம்.

சிட்னி நகரில் 55 வீடுகளில் வளர்ந்த 69 கோழிகளை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல முன்மாதிரி. வீட்டு முட்டைகளில் சராசரி ஈயம் கிலோவுக்கு 301 மைக்ரோகிராம், கடை முட்டைகளில் 7.2. முட்டையில் 100 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டுமானால் மண்ணில் ஈயம் 117 பிபிஎம்-க்குள் இருக்க வேண்டும் என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். மண் வரம்பைத் தாழ்வாக வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு வீட்டில் நான்கு முதல் ஆறு முட்டை, முடிந்தால் ஒரே கோழியுடையது. ஓட்டில் ஒட்டிய அழுக்கைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, உலர்த்தி, அதன் பிறகே உடைக்க வேண்டும். கழுவாமல் உடைத்தால் ஓட்டின் மேலிருக்கும் மண் உள்ளே விழுந்து, நீங்கள் முட்டையை அளப்பதாக நினைத்து மண்ணை அளப்பீர்கள். வெள்ளைக் கருவில் ஈயம் சொற்பம், மஞ்சள் கருவில்தான் சேரும். ஆகவே இரண்டையும் நன்றாக அடித்துக் கலக்கிய பிறகே பங்கு எடுக்க வேண்டும். கோழிக்குக் கொடுக்கும் கிளிஞ்சல் தூளிலும் எலும்புத் தூளிலும் ஈயம் இருக்கக்கூடும், தீவனத்தில் ஒரு பிடியும் வாங்கி வையுங்கள். ஒரே முற்றத்தில் மேயும் இரண்டு கோழிகளின் முட்டைகளில்கூட அளவு மிகவும் மாறுபடும், ஒற்றை முட்டையை வைத்து ஒரு வீட்டை மதிப்பிட முடியாது.

பெரிய குறை, கோழி இருக்கும் வீடுகள் மட்டுமே வரைபடத்தில் வரும் என்பது. அடுக்குமாடிப் பகுதிகள் விட்டுப்போகும்.

புறா

விட்டுப்போன அந்த இடத்தில்தான் புறா உதவும். நியூயார்க்கில் 2010 முதல் 2015 வரை சேர்ந்த 825 புறாக்களின் ரத்தத்தைப் பகுதிவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, புறாவில் ஈயம் அதிகமாக இருந்த பகுதிகளும் குழந்தைகளில் அதிகமாக இருந்த பகுதிகளும் ஒத்துப்போயின. கோடையில் அளவு ஏறியதும் குழந்தைகளில் காணப்படும் அதே போக்கு. நகரப் புறா தான் இருக்கும் இடத்தைச் சுற்றியே வாழ்கிறது, இரை அரைபட நடைபாதையில் சிறு கற்களையும் துணுக்குகளையும் பொறுக்கி விழுங்குகிறது. பெயிண்ட் செதிலும் அதில் சேர்ந்து போகும்.

ஆனால் அந்த 825 புறாக்களும் நோயுற்றோ காயப்பட்டோ பறவை மீட்பு மையத்துக்கு வந்தவை. நோயுற்ற பறவையில் ஈயம் அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. பகுதிக்குப் பகுதி ஒப்பிட அது தடையில்லை, ஆரோக்கியமான புறாக்களின் சராசரி என்று சொல்ல மட்டும் முடியாது. நீங்கள் பிடித்த புறாக்களின் எண்ணை மீட்பு மைய எண்ணோடு ஒப்பிட்டு “எங்கள் ஊர் பரவாயில்லை” என்று எழுதினால் அது தவறு.

ரத்தம் இறக்கையின் உள்பக்க நரம்பில் 26 கேஜ் ஊசியால் எடுக்கப்படும். உடல் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. 300 கிராம் புறாவுக்கு அது 3 மில்லி, சோதனைக்கு அரை மில்லியே போதும். வனத்துறை அனுமதியும் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் கையில் வராமல் வலையைத் தொடாதீர்கள், அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதைத் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். எச்சம் காய்ந்த இடங்களில் என்95 முகக்கவசம் கட்டாயம். அதிலிருந்து வரும் பூஞ்சையும் பாக்டீரியாவும் நுரையீரலைத் தாக்கும். ரத்தத்துக்குப் பதில் இறகைப் பறித்தால் எளிது என்று சிலர் செய்கிறார்கள். இறகின் மேல் படிந்த தூசியை எப்படிக் கழுவினாலும் முழுதாகப் போகாது. நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

பறவைகள் கண்டிப்பாகக் கவனிக்கப்பட வேண்டிய தருணம் ஒன்று உண்டு, அவை கூட்டமாகச் சாகும்போது. மேற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்பரன்ஸ் துறைமுக நகரில் 2006 டிசம்பரில் தேன் உறிஞ்சும் பறவைகள் ஆயிரக்கணக்கில் விழுந்து செத்தன. காரணம் துறைமுகம் வழியாக ஏற்றுமதியான ஈயக் கார்பனேட் தூசி. அதைத் தொடர்ந்து சோதித்தபோதுதான் அந்த ஊர்க் குழந்தைகளின் ரத்தத்திலும் ஈயம் ஏறியிருந்தது தெரிந்தது. இப்படிச் செத்த பறவைகளைப் புதைக்கவோ எரிக்கவோ விடாமல், கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தனித்தனியாக உறையவைத்துவிட்டால் பிறகு வரும் எல்லாக் கேள்விக்கும் அது பதில் சொல்லும்.

இலை, தேன், குடிநீர்

வேர் வழியாக இலைக்கு ஏறும் ஈயம் மிகக் குறைவு. இலையில் இருப்பது பெரும்பாலும் மேலே படிந்த தூசி. ஆகவே இலை காற்றைப் பற்றித்தான் சொல்லும். ஒரே மரவகை, வேம்போ புங்கையோ, தரையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரம், முதிர்ந்த இலைகள். பாதியைக் கழுவியும் பாதியைக் கழுவாமலும் அளந்தால் வித்தியாசம்தான் படிவு. இரவு ஒரு மழை பெய்தால் கணக்கு மாறிவிடும், மழையில்லாத இரண்டு வாரம் கழித்தே பறிக்க வேண்டும்.

தேனைப் பற்றி ஆர்வம் பெருகியிருக்கிறது. பாரிஸில் 2019 ஏப்ரலில் நோத்ர்-தாம் பேராலயம் எரிந்தபோது கூரையிலிருந்த ஈயம் புகையோடு பறந்தது, காற்று வீசிய திசையில் இருந்த தேன்கூடுகளின் தேனில் அளவு ஏறியிருந்தது. ஆனால் தேனில் ஈயம் மிகச் சொற்பம், நல்ல ஐசிபி-எம்எஸ் கருவியும் (மிகமிக நுண்ணிய அளவுகளையும் பிடிக்கும் நிறமாலைக் கருவி) தூய்மையான அறையும் இல்லாமல் அதைப் பிடிக்க முடியாது. பெட்டியில் வளர்க்கும் தேனீ இருந்தால் முயலலாம். மலைத்தேனீ பருவத்துக்குப் பருவம் இடம் மாறும், அது எந்தத் தெருவின் தேன் என்று சொல்ல முடியாது.

குடிநீரை ஒதுக்க வேண்டாம். இரவு முழுக்க, குறைந்தது ஆறு மணி நேரம், திறக்காமல் வைத்த குழாயிலிருந்து முதல் ஒரு லிட்டரைப் பிடியுங்கள். அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகரில் 2014-இல் தண்ணீர் மூலத்தை மாற்றிய பிறகு குழாய்த் தண்ணீரில் ஈயம் ஏறியது. அங்கே மாதிரி எடுப்பதற்கு முன் இரவே குழாயைத் திறந்து ஓடவிடும்படி மக்களுக்குச் சொல்லப்பட்டது. அப்படிச் செய்தால் தேங்கிய ஈயம் வெளியேறி எண் குறையும். குடிநீரில் நம் நாட்டுத் தர வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்.

குழந்தையின் ரத்தம்

மற்றவை எல்லாம் “பாதிப்பு வரலாம்” என்று சொல்லும். இது மட்டுமே “வந்துவிட்டது” என்று சொல்லும். அதனால் பொறுப்பும் இங்கேதான் அதிகம்.

உயிரியலாளர் தானே ஊசியை எடுக்கக் கூடாது. பயிற்சி பெற்றவர், குழந்தை மருத்துவர் ஒருவரின் மேற்பார்வை, மனித ஆய்வுக்கான நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், பெற்றோரின் எழுத்துப்பூர்வச் சம்மதம், 7 வயதுக்கு மேல் குழந்தையின் இசைவு, இத்தனையும் வேண்டும். 1 முதல் 5 வயதுக் குழந்தைகளை முதலில் பாருங்கள், இரண்டு வயதையொட்டித்தான் அளவு உச்சம் தொடும். ஈயம் சிவப்பணுக்களில் ஒட்டியிருப்பதால் முழு ரத்தம் வேண்டும். சீரத்தை (அணுக்கள் நீங்கிய தெளிநீரை) மட்டும் பிரித்து அனுப்பினால் ஏறக்குறைய எல்லாமே போய்விடும், “ஈயம் இல்லை” என்ற பொய்யான முடிவு வரும். ரத்தம் உறையாமல் காக்கும் இடிடிஏ குழாயில் நரம்பு ரத்தம் 2 மில்லி. குழாய்ப் பெட்டியிலிருந்து இரண்டு காலிக் குழாய்களை எடுத்து முன்கூட்டியே ஈயத்துக்குச் சோதித்துக்கொள்வது நல்லது.

விரல் நுனியில் குத்தி எடுப்பது எளிது, பெற்றோரும் சம்மதிப்பார்கள். ஆனால் விரலில் இருக்கும் தூசியே மாதிரியைக் கெடுக்கும். சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவி, கழுவிய பிறகு குழந்தை எதையும் தொடாமல் பிடித்துக்கொண்டு, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை எடுக்க வேண்டும். 3.5 அல்லது அதற்கு மேல் வந்தால் நரம்பு ரத்தத்தில் உறுதி செய்யாமல் யாரிடமும் முடிவாகச் சொல்லக் கூடாது.

அதே ரத்தத்தில் ஹீமோகுளோபினையும் பாருங்கள். இரும்புச்சத்து குறைந்த குடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 67.1 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. ஒரே மண்ணில் விளையாடும் இரு குழந்தைகளுக்கு வேறு வேறு எண் வருவதற்கு இது முக்கியமான காரணம்.

ரத்தத்தில் ஏறியிருந்து மண்ணிலும் தூசியிலும் ஒன்றுமில்லை என்றால் சமையலறைக்கும் பூஜை அறைக்கும் போங்கள். கலப்படக் குங்குமம், ரசம் வைக்கும் ஈயச்சொம்பில் வெள்ளீயத்தோடு கலந்த ஈயம், பற்பம் சேர்ந்த மருந்துகள், நிறமேற்றிய மஞ்சள்தூள் எல்லாவற்றிலும் ஒரு சிட்டிகை எடுத்து எக்ஸ்ஆர்எஃப்-இல் காட்டலாம். வங்கதேசக் கிராமப் பெண்களின் ரத்தத்தில் இருந்த ஈயத்தின் ஐசோடோப்பு விகிதம் (எங்கிருந்து வந்தது என்று காட்டும் கைரேகை மாதிரி) மஞ்சளில் சேர்த்த ஈயக் குரோமேட்டோடு பொருந்தியது என்று 2019-இல் வெளிவந்தது.

தலைமுடியும் சிறுநீரும் எளிதாகக் கிடைக்கும் என்பதால் கேட்கப்படுகின்றன. ஈயத்துக்கு இரண்டுமே வேண்டாம். பால்பல் வேறு. ஹெர்பர்ட் நீடில்மேன் 1979-இல் பாஸ்டன் அருகே பள்ளிக் குழந்தைகளின் விழுந்த பற்களை வைத்துத்தான் ஈயத்துக்கும் அறிவுத்திறனுக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார். பழைய பாதிப்பை அறிய ஆசைப்பட்டால், பல் விழுந்ததும் கூரைமேல் எறிந்துவிடாமல் ஒரு காகிதத்தில் மடித்து வைக்கும்படி தாய்மாரிடம் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

எந்தக் கருவிக்கு எந்த மாதிரி

சுடர் அணு உறிஞ்சல் கருவி பெரும்பாலான கல்லூரிகளில் இருக்கிறது. ஈயத்துக்கு அதன் கீழ்வரம்பு லிட்டருக்குச் சுமார் 0.1 மில்லிகிராம். அரை கிராம் மண்ணை 50 மில்லியில் கரைத்தால் 10 பிபிஎம் வரை பிடிக்கலாம், மண்ணுக்கு அது போதும். கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் ஈயமுள்ள முட்டையில் 1 கிராமைக் கரைத்து 25 மில்லி ஆக்கினால் கரைசலில் இருப்பது லிட்டருக்கு 4 மைக்ரோகிராம். சுடர் கருவிக்கு அது கண்ணிலேயே படாது. “கண்டறியப்படவில்லை” என்றோ, இரைச்சலை எண்ணாகப் படித்து நம்ப முடியாத பெரிய அளவுகளையோ எழுதிவிடுவார்கள். முட்டை, ரத்தம், தேன் மூன்றுக்கும் சுடருக்குப் பதில் கிராஃபைட் உலையில் சூடாக்கும் அணு உறிஞ்சல் கருவி அல்லது ஐசிபி-எம்எஸ் கட்டாயம். கண்ணாடிக் கலங்களைப் 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஓரிரவு ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் மூன்று முறை அலச வேண்டும்.

என்ன சூழலில் எது

மூலம் தெரியாத பழைய குடியிருப்பு: 40 வீடு, வீட்டுக்கு விளையாட்டிட மண், சுவரோர மண், தரைத் துடைப்பு என்று மூன்று. மொத்தம் 120. இரட்டை மாதிரி (அதே இடத்தில் இரண்டாவதாக எடுப்பது) 12, வெற்று மாதிரி 6. மிச்சப் பணத்தில் கோழி இருக்கும் வீடுகளில் முட்டை. ஏப்ரல், மே மாதம் எடுப்பது சரியாக வரும், மண் உலர்ந்திருக்கும், தூசியும் உச்சத்தில் இருக்கும்.

பேட்டரி உருக்கும் இடம் தெரிந்துவிட்டது: தொழிலாளர் வீட்டுக் குழந்தைகளையும் 200 மீட்டருக்குள் இருக்கும் குழந்தைகளையும் அதே வாரத்தில் ரத்தச் சோதனைக்குக் கூட்டிச் செல்ல வேண்டும். செனகலின் தலைநகர் டாக்கரை ஒட்டிய தியாராய் சுர் மேர் பகுதியில் பேட்டரி ஈயம் கலந்த மண்ணை வீட்டு முற்றங்களில் சலித்து விற்றார்கள். 2007 இறுதிக்கும் 2008 தொடக்கத்துக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தார்கள். அந்த மாதிரி இடத்தில் புறா வலைக்கு அனுமதி கேட்டுக் காத்திருப்பதை நியாயப்படுத்தவே முடியாது. மண்ணைக் கூடவே 50, 100, 200, 400, 800 மீட்டரில், காற்று வீசும் திசையிலும் எதிர்த்திசையிலும் எடுத்துவிடலாம்.

பட்டறை மூடிவிட்டதாகச் சொல்கிறார்கள், இரவில் நடக்கிறதோ என்று சந்தேகம்: இங்கே இலைதான் சிறந்தது. மழையில்லாத மாதங்களில் குறியிட்ட அதே மரங்களிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மண் பழைய பாவத்தையும் புதிய பாவத்தையும் பிரித்துச் சொல்லாது.

மண்ணை மாற்றி வீட்டைச் சுத்தம் செய்தாகிவிட்டது: தூசியை மறுநாளே துடைத்துப் பாருங்கள். ரத்தத்தை மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். எலும்பில் தேங்கியது மெல்ல வந்துகொண்டிருக்கும், சில வாரத்தில் எண் இறங்கவில்லை என்று சுத்தம் செய்தது வீண் என நினைக்கக் கூடாது.

வரைபடம் போடும்போது பின்கோடு வைத்துத் தொகுக்காதீர்கள். ஃபிளிண்டில் மாநில அரசின் கணக்கு அஞ்சல் குறியீட்டை வைத்துப் போடப்பட்டது. அந்தக் குறியீட்டுக்குள் நகரத் தண்ணீரே வராத வீடுகளும் இருந்ததால், தண்ணீர் மாறிய பிறகு குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியது மறைந்துபோனது. குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா வீட்டு முகவரியை வைத்துப் பிரித்தபோது, 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் உள்ள குழந்தைகளின் பங்கு 2.4-இலிருந்து 4.9 சதவீதமாகவும், மோசமான வார்டுகளில் 4.0-இலிருந்து 10.6 சதவீதமாகவும் ஏறியிருந்தது தெரிந்தது. நம் ஊர்களிலும் பின்கோடு எல்லையும் வார்டு எல்லையும் ஒன்றாக இருப்பதில்லை. முகவரியைப் பூட்டிய கோப்பில் தனியாக வையுங்கள், வெளியிடும் வரைபடத்தில் வீட்டைக் காட்டாதீர்கள்.

ரத்தம் எடுப்பதற்கு முன்பே, எண் வந்தால் யார் எந்த வீட்டுக்குப் போய்ச் சொல்வது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். விரல் ரத்தத்தில் 3.5 முதல் 9 வரை வந்தால் மூன்று மாதத்துக்குள் நரம்பு ரத்தத்தில் உறுதி செய்ய வேண்டும். 10 முதல் 19 என்றால் ஒரு மாதம், 20 முதல் 44 என்றால் இரண்டு வாரம். 45-ஐத் தொட்டால் 48 மணி நேரத்துக்குள், குழந்தையை அந்த வீட்டிலிருந்து வேறிடத்துக்கு மாற்றிவிட்டு. ஈயத்தை வெளியேற்றும் மருந்தை அந்த அளவில் மருத்துவர் தொடங்குவார். மருந்து சாப்பிட்டுக்கொண்டே குழந்தை அதே தரையில் தவழ்ந்தால் வெளியேறியது திரும்ப உள்ளே போகும்.